எல்வின் டாக்கரி மூன்று வரை எண்ணிய கதை

கார்வெல் நகரத்தில் எல்வின் டாக்கரியிடம் மணி கேட்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். உள்ளூர்க்காரன் கேட்கமாட்டான். கேட்டால் எல்வின் மணியைச் சொல்லுவார். பிறகு அந்தக் கைக்கடிகாரம் எந்த மாமாவுடையது, அந்த மாமா எந்த ஏரியில் படகைத் தொலைத்தார், படகைக் கண்டெடுத்தவன் இப்போது எந்தத் தெருவில் பல் பிடுங்குகிறான் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் விடுவார். அதற்குள் கேட்டவனுடைய பஸ் போயிருக்கும்.

நாற்பத்து மூன்று வயது. ஊர்ப் பனிச்சறுக்கு அரங்கத்தில் வேலை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு பெரிய வண்டி வந்து, கீறல் விழுந்த பனித்தரையைச் சுரண்டி, வெந்நீர் விட்டு வழவழப்பாக்கிவிட்டுப் போகுமே, அந்த வண்டியை ஓட்டுவது அவர்தான். அதன் இரைச்சலில் ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழாது. இருந்தாலும் பேசிக்கொண்டேதான் ஓட்டுவார். அதற்கு முன்னால் உள்ளூர் வானொலியில் வானிலை வாசித்தார். 'நாளை பனி பெய்யும்' என்று சொல்லப் பதினேழு நிமிடம் எடுத்துக்கொண்டதில் செய்தியும் விளம்பரமும் அடிபட்டுப் போக, இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி லோர்னா நான்கு வருடத்துக்கு முன் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அவள் சொன்ன காரணம், இந்தக் குளிர் ஆகவில்லை என்பது. ஊர் வேறு காரணம் சொல்லும். போன இடத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது மகள் ஓப்பல். போன ஜனவரியில் அவளுக்கு ஏழு வயது.

அந்த ஜனவரியில்தான் வீட்டு ஹீட்டர் உயிரை விட்டது. மிஷிகன் ஜனவரியில் ஹீட்டர் இல்லாத வீட்டில் குடம் தண்ணீர் வைத்தால் காலையில் குடத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எல்வின் பிள்ளையை அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். பனி அரங்கமாக இருந்தாலும் அங்கே சறுக்குக் காலணிகளை வாடகைக்குக் கொடுக்கிற அறை கதகதப்பாக இருக்கும். ஓப்பலுக்கு ஒரே குஷி. ஐந்தாம் நாள் வகுப்பில் எழுந்து நின்று, 'நான் ஐஸ் அரங்கத்துல தூங்குறேன்' என்று பெருமையாகச் சொன்னாள். டீச்சருக்குச் சட்டப்படி வேறு வழியில்லை, தொலைபேசியை எடுத்தார்.

குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கெட்டவர் அல்ல. குளிரில் கை விறைக்க, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பாப்பா எங்க தூங்குறா, மிஸ்டர் டாக்கரி?"

"காலணி ரூம்லதாங்க. கதகதன்னு இருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் அங்க யாரோ பிறந்தநாள் கொண்டாடினாங்க, அதனால வண்டி நிக்கிற ஷெட்ல படுக்க வச்சேன். கேஸ் வாடை கொஞ்சம் அடிக்கும், ஆனா அவளுக்கு அந்த வாடை பிடிக்குங்க. சின்ன வயசுல எனக்கும் பிடிக்கும். எங்கப்பா ஒரு தடவை என்ன பண்ணாருன்னா..."

அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் மொத்தம் ஆறு. எழுதிய அறிக்கை பதினொரு பக்கம். கேட்காமலே வந்து விழுந்ததுதான் பத்துப் பக்கம்.

அன்று சாயங்காலமே ஓப்பலை ஒரு வளர்ப்புக் குடும்பத்தின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் பெட்டி இல்லை. தன் துணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு போனாள். பிறந்த நாளிலிருந்து முதல் முறையாக எல்வினுக்குப் பேச வாய் வரவில்லை. மறுநாள் போய் நீல நிறத்தில் ஒரு பெட்டி வாங்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். அது காலியாக அங்கேயே நின்றது.

வழக்குக்கு வக்கீல் வேண்டுமே. கார்வெலுக்குப் பக்கத்துச் சட்டக் கல்லூரியில் இப்படிப் பிள்ளையைப் பிரிந்த பெற்றோர்களுக்காக ஒரு இலவச உதவி மையம் இருக்கிறது. மாணவர்கள் இரண்டு இரண்டு பேராக வழக்கை எடுத்துக்கொள்வார்கள். பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், நிஜக் கோர்ட்டில், நிஜ நீதிபதி முன்னால் அவர்களே எழுந்து வாதாடலாம். உயிரைக் கொடுத்து வேலை செய்வார்கள். ஒரே சங்கடம், நான்கு மாதத்தில் பருவம் முடிந்து பரீட்சை வந்துவிடும். பழைய ஜோடி கண்ணைக் கசக்கிக்கொண்டு போகும். புது ஜோடி தடித்த கோப்போடு வந்து உட்கார்ந்து, "உங்க வார்த்தையிலேயே, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று ஆரம்பிக்கும். மற்ற பெற்றோர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எல்வினுக்கோ கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது.

முதல் ஜோடி கெட்டிக்காரர்கள். தேவாலய உதவிக் குழுவுக்கு ஒரே ஒரு போன் போட்டார்கள். ஒரே வாரத்தில் புது ஹீட்டர் வந்து நிலவறையில் உட்கார்ந்தது. ஒரு போன்தான்! எல்வின் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இரண்டாவது ஜோடியும் சோடை இல்லை. பிள்ளை வளர்ப்பு வகுப்பில் இடம் பிடித்துக் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, வாரம் ஒரு மணி நேரம் ஓப்பலைப் பார்க்கிற சந்திப்பை ஒருநாள் முழுக்க ஆக்கி, ஆகஸ்ட் விசாரணையில் முக்கால் கிணறு தாண்டிவிட்டார்கள். அங்கேதான் அரசு வக்கீல் ஸ்வோபோடா எழுந்து, வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்குங்க" என்றார் எல்வின். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஃப்ரீசர் நிறைய இருக்கு. மான் தலையை எடுத்துட்டா இன்னும் இடம் இருக்கும். என் மச்சான் சுட்டது, பாடம் பண்ணி சுவத்துல மாட்டணும்னு வச்சிருக்கேன். ஓப்பல் பயப்பட மாட்டாங்க. அதுக்கு கெவின்னு பேரே வச்சிருக்கா. ஐஸ்கிரீம் எடுக்கறப்பல்லாம் குட் மார்னிங் சொல்லுவா."

ஒருநாள் சந்திப்பு மறுபடி ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. கெவின் வீட்டை விட்டுப் போனான். இரண்டாவது ஜோடியில் ஒரு பையன் கோர்ட் வாசலில் உட்கார்ந்து அழுதான். எல்வின்தான் அவனைத் தேற்றினார், முக்கால் மணி நேரம்.

செப்டம்பரில் மூன்றாவது ஜோடி வந்தது. இங்க்ரிட் சோலிஸ், குட்டையாக, வெடுக்கென்று பேசுகிற பெண். காலெப் வீம்ஸ், நெட்டையாக, எதற்கெடுத்தாலும் வியர்க்கிற பையன். எல்வின் நான்கு மணி நேரம் கதை சொன்னார். இங்க்ரிட் நோட்டை மூடினாள்.

"மிஸ்டர் டாக்கரி, நீங்க சொன்னதுல பாதி நமக்கு உதவும், பாதி அவங்களுக்கு உதவும். எந்தப் பாதி எதுன்னு உங்களுக்குத் தெரியல."

"அதுக்குத்தானேம்மா நீங்க இருக்கீங்க?"

"சாட்சிக் கூண்டுல நான் உங்க வாயில உக்கார முடியாதே."

விசாரணை டிசம்பர் பன்னிரண்டாம் தேதி. ஓராண்டு ஆகப்போகிறது. அன்று ஓப்பல் வீட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு வேறு நிரந்தர வீடு பார்க்கிற வேலையை அரசு ஆரம்பித்துவிடும், எல்வின் காகிதத்தில்கூட அவளுக்கு அப்பாவாக இல்லாமல் போகலாம். இங்க்ரிட் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

உதவி மையத்தின் சுவரில், பேராசிரியை மர்னா ஸ்டப்ஸ் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கைப்பட எழுதி ஒட்டிய ஒரு அட்டை இருக்கிறது. சாட்சி சொல்லப் போகிறவருக்கான விதி: 'கேள்வியைக் காதில் வாங்கு. மனசுக்குள் மூன்று எண்ணு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நிறுத்து.' அந்த மாவட்டத்து வக்கீல்களில் பாதிப்பேர் அந்த அட்டையைப் பார்த்துப் படித்து வந்தவர்கள். இங்க்ரிட்டும் காலெப்பும் இந்த விதியை எல்வினுக்குள் ஏற்றுவதென்று முடிவு செய்தார்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதையும் போதும் என்கிற இடத்தில் விடமாட்டார்கள்.

வாரம் மூன்று நாள் கல்லூரியின் ஒத்திகைக் கோர்ட்டில் பயிற்சி. காலெப் கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்வோபோடாவாக நடித்தான்.

"உங்க பேரு என்ன?"

"எல்வின். எங்க தாத்தா பேரு. அவரு ரயில்வேல..."

"நிறுத்துங்க!" என்று இங்க்ரிட் மேசையைத் தட்டினாள். "தாத்தாவை யாரு கேட்டா?"

"பேருக்குக் காரணம் வேணாமாம்மா?"

"வேணாம்."

முதல் வாரம் தாத்தா இருபத்தாறு தடவை வந்தார். இரண்டாம் வாரம் ஒன்பது. எல்வின் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் விரலுக்கு வருவதற்குள் கதை எப்படியோ வடிந்துவிடும். நவம்பர் கடைசியில் தாத்தா அடியோடு நின்றுவிட்டார்.

ஆனால் விதி கோர்ட்டோடு நிற்கவில்லை. கடையில், "காகிதப் பையா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்ட பெண்ணை மூன்று விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, "காகிதம்" என்றார். அவள் பயந்துபோனாள். அரங்கத்து மேலாளர், "எல்வின், சாப்டாச்சா?" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. "ஆச்சு." இவருக்கு மூளையில் ஏதோ அடைப்பு என்று மேலாளர் ஆம்புலன்ஸைக் கூப்பிட எழுந்தார்.

வாரச் சந்திப்பில் ஓப்பல் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். துறை அலுவலகத்துச் சின்ன அறை, மூலையில் ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ ஏன் லேட்டா பேசுற?"

அவள் பார்க்க, கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. "பழகுறேன். முக்கியமான கேள்வின்னா மூணு எண்ணிட்டுத்தான் பதில் சொல்லணுமாம்."

"எல்லாத்துக்குமா?"

"முக்கியமானதுக்கு மட்டும்."

"நான் ஸ்கூல்ல லூசியாகூட சண்டை போட்டது முக்கியமா?"

"ரொம்ப முக்கியம், சொல்லு" என்று எல்வின் எண்ணவே மறந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் தேதி காலை கோர்ட் தாழ்வாரத்தில் காலெப் ஒரு கையில் வழக்குக் கோப்பும் மறு கையில் வரிச்சட்டக் குறிப்பும் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குப் பரீட்சை. எல்வின் மாமாவின் கடிகாரத்தைக் கட்டியிருந்தார். நீலப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேராசிரியை ஸ்டப்ஸ் தன் காலடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

நீதிபதி யோலாண்டா கிரிக்ஸ் அதிகம் பேசாதவர். கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், எழுதுவார், மறுபடி பார்ப்பார். இங்க்ரிட் எழுந்து முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மிஸ்டர் டாக்கரி, ஹீட்டர் வேலை செய்யுதா?"

ஒன்று, இரண்டு, மூன்று. "செய்யுது."

"ஃப்ரீசர்ல என்ன இருக்கு?"

ஒன்று, இரண்டு, மூன்று. "காய்கறி. சிக்கன்."

காலெப் மூச்சு விட்டான். பேராசிரியை ஸ்டப்ஸின் முகத்தில் இருபத்திரண்டு வருடப் பெருமை பொங்கியது. தாத்தா வரவில்லை, மாமா வரவில்லை, மான் வரவில்லை. எல்வின் டாக்கரி ஒரு சலவைக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஸ்வோபோடா பழம் தின்று கொட்டை போட்டவர். ஆகஸ்டில் பார்த்த எல்வினுக்கும் இந்த எல்வினுக்கும் நடுவே ஏதோ நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பொண்ணு உங்களுக்கு வேணுமா, மிஸ்டர் டாக்கரி?"

கட்டை விரல் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. கோர்ட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. மூன்று.

"வேணும்."

"யுவர் ஆனர், அந்த இடைவெளி பதிவாகட்டும். பெத்த புள்ள வேணுமான்னு கேட்டா இவருக்கு யோசிக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்வோபோடா உட்கார்ந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நானே கேக்கறேன். உங்க மகளைப் பத்திச் சொல்ல முடியுமா?"

ஒன்று, இரண்டு, மூன்று. கேட்டதற்கு மட்டும் பதில். "முடியும்."

நீதிபதி காத்திருந்தார். எல்வினும் காத்திருந்தார். நிறுத்து என்பதுதானே கடைசி விதி. பேராசிரியை ஸ்டப்ஸ் மெல்லத் தன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

இங்க்ரிட் எழுந்தாள். அவள் தாளில் இருபத்தொன்பது கேள்விகள் இருந்தன, ஒன்றுகூட இதற்கு உதவாது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் மிஸ்டர் டாக்கரி, பதில் சொல்றதுக்கு முன்னாடி நிறுத்தினீங்க?"

எல்வின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். மூன்று விரலும் தொட்டாயிற்று. "நீங்கதானேம்மா எண்ணச் சொன்னீங்க?"

காலெப் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். "ரகசியம்! வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல உள்ள ரகசியம்!" அவன் ரகசியம் என்று கத்தியது கடைசி வரிசைவரை கேட்டது.

"இதுல என்ன ரகசியம் தம்பி? சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்காங்களே" என்றார் எல்வின்.

சிரிப்பு அடங்கும்வரை இங்க்ரிட் நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இனி எண்ண வேணாம். ஓப்பலைப் பத்திச் சொல்லுங்க. முதல்லேர்ந்து, உங்க வார்த்தையில."

"நெஜமாவா?"

"நெஜமா."

மூன்று மாதமாகக் கட்டி வைத்த மடை திறந்தது.

"அவளுக்கு இடது கால் சறுக்குக் காலணியத்தாங்க முதல்ல கட்டணும். வலது கட்டினா அன்னிக்கு முழுக்க விழுவா. தூக்கத்துல சாக்ஸை கால் விரலாலயே கழட்டிடுவா, காலைல போர்வைக்கடியில தேடணும். பட்டாணி பிடிக்காதும்பா, ஆனா எண்ணி வச்சா சாப்பிடுவா, பதினாலு வரைக்கும். ஒண்ணுமில்லப்பான்னு சொல்லும்போது காதைப் பிடிச்சுட்டிருந்தான்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். போன மாசம் அந்த ரூம்ல ரெண்டு தடவை காதைப் பிடிச்சா. கேட்டேன், லூசியா இவளை விளையாட்டுல சேத்துக்கலையாம். கெவின்னு ஒரு மான் தலை இருந்துச்சுங்க, அது போயிடுச்சுன்னு சொன்னப்ப இவ அழுதா..."

காலெப் கண்ணை மூடிக்கொண்டான். எல்வின் நிறுத்தவில்லை. தட்டச்சு செய்கிற பெண் விரலை ஒருமுறை உதறிவிட்டுத் தொடர்ந்தாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு அவர் குரல் தானாகவே இறங்கியது.

"நான் நாள் முழுக்கப் பேசறவன். இந்த ஊர்ல நான் பேசாத ஆளு கிடையாது. மாமா தொலைச்ச படகு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஹீட்டர் போச்சு, புள்ளைக்குக் குளிருதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலங்க. வெக்கம். அரங்கத்துல என்னைச் சுத்தி நூறு பேரு இருந்தாங்க, அவங்ககிட்ட வானிலை பேசிட்டிருந்தேன். அப்புறம் இந்தப் புள்ளைங்க ஒரு போன் போட்டாங்க, வந்துடுச்சு. அந்த ஒரு போன் நான் போட்டிருக்கணும். அவ்வளவுதாங்க."

அவராகவே நிறுத்திவிட்டார். யாரும் மேசையைத் தட்டவில்லை. ஸ்வோபோடா எழுந்து வாயெடுத்து, பக்கத்தில் இருந்த நலத்துறை அம்மாள் வேண்டாம் என்று தலையசைப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி கிரிக்ஸ் பேனாவை மூடினார். மூடிய பேனாவால் மேசையில் மெதுவாகத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. பேராசிரியை ஸ்டப்ஸ் சடாரென்று நிமிர்ந்தார். இருபது வருடத்துக்கு முந்திய ஒரு மாணவி, தலை நரைக்காத யோலாண்டா, அதே சுவருக்கு முன்னால் நின்று அதே மாதிரி தட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது.

"பிள்ளை இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். மூணு மாசம் துறை வந்து பார்த்துக்கும். மிஸ்டர் டாக்கரி, இனிமே வீட்டுல ஏதாவது கெட்டுப்போச்சுன்னா முதல்ல அதைச் சொல்லுங்க. படகை அப்புறம் சொல்லலாம்" என்றார் நீதிபதி.

எல்வின் எண்ணவில்லை. "சரிங்க" என்பதை அழுகைக்கு நடுவே சொன்னார். காலெப் வரிச்சட்டக் குறிப்புகளைத் தரை முழுக்கக் கொட்டினான். இங்க்ரிட் பேராசிரியை காலடியிலிருந்த நீலப் பெட்டியை எடுத்துத் தானே வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் ஓப்பலின் துணிகள் அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. கார் கார்வெல் தெருக்களில் வரும்போது அவள்தான் பேசினாள். லூசியா, லூசியாவின் பூனை, பூனைக்கு வந்த வியாதி, வைத்தியர் வைத்திருந்த தாடி. எல்வின் குறுக்கே பேசாமல் வந்தார். எங்கிருந்து வந்த குணம் என்று ஊருக்கே தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஓப்பல் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூடத்துக்குப் போய், தரையில் சூடான காற்று வருகிற கம்பி ஜன்னலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

எல்வின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சூடா இருக்காடா?"

ஓப்பல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறு கையைத் தூக்கி, கட்டை விரலால் மற்ற விரல்களை நிதானமாக ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இருக்குப்பா" என்றாள்.